‘அரும்பு’ என்றால் பெயில் இல்லை! பதறும் பெற்றோர் கவனத்துக்கு

கரையான்சாவடி,

அரசு தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளை ‘அரும்பு’ நிலையில் இருப்பதாக டீச்சர் சொன்னதும், ‘எம்புள்ள பெயிலா?’ என்று பதறும் பெற்றோர் உண்டு. கரையான்சாவடி, பூந்தமல்லி பகுதி பெற்றோர் இதற்காக பிள்ளையை அடிக்கவும் வேண்டாம், டியூஷன் தேடி அலையவும் வேண்டாம்.

கொரோனாவால் 2020 மார்ச் மாதம் மூடப்பட்ட பள்ளிகள், 1 முதல் 8-ம் வகுப்பு பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ந்தேதிதான் திறந்தன. படித்ததை மறந்துபோன சின்னப் பிள்ளைகளுக்காக வந்ததுதான் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். நம்ம திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் பள்ளியில் 2022 ஜூன் 13-ந்தேதி இது தொடங்கப்பட்டது. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை இருந்தது. 2023-24-ல் 4, 5-ம் வகுப்புகளும் சேர்ந்தன.

இதில் முதலில் வைக்கும் தேர்வுக்கு ரேங்க் கிடையாது. இன்னும் எழுத்து பழக வேண்டிய பிள்ளை அரும்பு. சொற்களை படிக்கும் பிள்ளை மொட்டு. வகுப்புக்கு ஏற்றபடி படித்தால் மலர். அந்தந்த நிலைக்கு தகுந்தபடி பாடம் நடக்கும். இடையிடையே மதிப்பீடு வைத்து, பிள்ளை மேலே ஏறியதா என்று பார்ப்பார்கள்.

விஷயமே தப்பான விடையில்தான் இருக்கிறது. 52-ல் 27 போக எவ்வளவு? ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. மார்க்கை மட்டும் பார்த்தால் பூஜ்யம். ஆனால் உற்றுப் பார்த்தால், பிள்ளை 7-ல் 2, 5-ல் 2 என்று பெரியதில் இருந்து சின்னதை கழித்திருப்பது தெரியும். கடன் வாங்கி கழிக்கத்தான் தெரியவில்லை. வகுப்பில் பாதிப்பேர் 35 எழுதியிருந்தால், பத்து பத்தாக கட்டிய குச்சிகளை வைத்து எல்லோருக்கும் மறுபடி நடத்த வேண்டும். நாலு பேர்தான் என்றால் அவர்களை மட்டும் தனியாக உட்கார வைத்தால் போதும். பிறகு அதே கணக்கை கொடுத்தால் விடையை மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். 61-ல் 38 கழிக்கச் சொன்னால் குட்டு உடைந்துவிடும்!

போன முறை 4 மார்க், இந்த முறை 6 மார்க் என்பதாலேயே வளர்ச்சி என்று சொல்லிவிட முடியாது. கேள்வி சுலபமாக இருந்தாலும் மார்க் ஏறும். அதே திறமையை, அதே அளவு கஷ்டத்தில் சோதித்தால்தான் ஒப்பிட முடியும்.

மதிப்பீட்டை செல்போன் ஆப்பில் பதிவு செய்யவே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் புலம்புவதும் நியாயம்தான். பதிவு முடிந்ததோடு விட்டுவிட்டால், மறுபடி நடத்த நேரம் ஏது?

அடுத்த முறை டீச்சரை பார்க்கும்போது, ‘எத்தனை மார்க்?’ என்பதோடு நிறுத்தாமல், ‘எதுல தடுமாறுறான், போன தடவைக்கு இப்ப எப்படி?’ என்று பெற்றோர் கேட்கலாம். கையோடு பிள்ளையின் பயிற்சி நூலையும் வாங்கிப் பார்க்கலாம்.