திடப்படுத்தல்: உறுதி செய்பவர் யார்?

நமது சபைகளில் ஆண்டுதோறும் திடப்படுத்தல் ஆராதனை நடைபெறுகின்றது. 14, 15 வயதுப் பிள்ளைகள் வெண்ணிற ஆடை உடுத்தி முன்வரிசையில் அமர்கின்றனர். ஆயர் வினவ, அவர்கள் விடையளிக்கின்றனர். பீடத்தண்டையில் முழங்காற்படியிட்டுக் கைவைப்பைப் பெற்று, முதன்முறையாகத் திருவிருந்தில் பங்குகொள்கின்றனர். அன்று வீடுகளில் விருந்தும் உண்டு. ஆனால் சில வாரங்கள் சென்றபின் அம்முன்வரிசை வெறுமையாகக் கிடக்கின்றது. இதைக் கண்டு வருந்தாத ஆயர் இல்லை. எனினும், பிள்ளைகளைக் குறை கூறுமுன், திடப்படுத்தலின் பொருளை நாம் அவர்களுக்கு எவ்வாறு உணர்த்தினோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது தகும்.

1. ஓர் உவமையும் ஒரு கேள்வியும்

கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் வெண்களிமண் இத்தொழிலுக்குத் துணைநிற்கின்றது. பொம்மை செய்வோர் களிமண்ணைக் கூழாகக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, உட்புறத்தில் மண் படிந்து சுவராகும். எஞ்சிய கூழைக் கவிழ்த்து, பொம்மையை எடுத்து, உலர்த்திச் சூளையில் இடுவர். சுடப்படாத பொம்மை நீரில் கரைந்து மீண்டும் மண்ணாகிவிடும், சுடப்பட்டதோ கரையாது.

இத்தகைய ஊரில் பிரசங்கியாருக்கு உவமை தேடும் தொல்லை இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் அவ்வூரில் ஒரு திடப்படுத்தல் ஞாயிறன்று நாமும் அதையே எடுத்தாண்டோம். ஞானஸ்நானத்தில் பிள்ளை உருப்பெறுகிறது. திடப்படுத்தலாகிய சூளையில் உறுதி பெறுகிறது. அதன்பின் உலகமாகிய வெள்ளம் அதைக் கரைக்காது என்று கூறினோம். சபையார் மகிழ்ந்தனர்.

ஆராதனை முடிந்தபின் ஒரு சிறுவன் வாசலில் காத்துநின்றான். திடப்படுத்தல் வகுப்புக்கு வந்தவன். ஞானோபதேசத்தை மனப்பாடமாக ஒப்புவிக்க இயலாமையால் நாம் அவ்வாண்டு நிறுத்திவைத்தவன். தந்தையின் நோயினிமித்தம் பள்ளியை விட்டு ஒரு பொம்மைப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். “ஐயா, அப்படியானால் நான் கரைந்துபோவேனா?” என்று கேட்டான்.

நமக்கு உடனே விடை கிட்டவில்லை. அவன் கேட்டது உவமையைப் பற்றியதன்று. நமது இறையியலைப் பற்றியது. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை பாதி முடிந்த பாத்திரமா? தேவன் தொடங்கியதைச் சபையின் தேர்வு நிறைவாக்குகின்றதா? இவற்றுக்கு விடை காண வரலாற்றைச் சற்று நோக்குதல் வேண்டும்.

2. வரலாற்றுப் பின்னணி

சமாரியாவில் விசுவாசித்தவர்கள்மேல் பேதுருவும் யோவானும் கைகளை வைத்ததையும் (அப். 8:14-17), எபேசுவில் பவுல் அவ்வாறே செய்ததையும் (அப். 19:1-6) இச்சடங்குக்கு ஆதாரமாகக் காட்டுவதுண்டு. ஆயினும் வேதாகமத்தில் இன்றைய திடப்படுத்தல் முறை அப்படியே காணப்படுகின்றது என்று கூற இயலாது. கீழைத் திருச்சபைகள் ஞானஸ்நானத்தையும் பரிசுத்த தைலம் பூசுதலையும் பிரிக்கவில்லை. கேரளத்திலுள்ள சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபையார் இன்றும் குழந்தைகளுக்கு இரண்டையும் ஒரே ஆராதனையில் வழங்குகின்றனர். மேலைத் திருச்சபையிலோ பூசுதலைப் பேராயரே செய்தல் வேண்டும் என்ற நியதி நிலைத்தது. பேராயர் வரும்வரை பிள்ளைகள் காத்திருக்க நேர்ந்தமையால் இரண்டும் காலத்தால் விலகின.

மார்ட்டின் லுத்தர் திடப்படுத்தலை ஒரு திருவருட்சாதனம் என ஏற்க மறுத்தார் (1520). தேவனுடைய கட்டளையும் வாக்குத்தத்தமும் அதற்கு இல்லை என்பதே அவர் கூறிய காரணம். ஆனால் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைப் போதிப்பதில் அவர் கொண்ட அக்கறையின் விளைவே 1529இல் வெளிவந்த சிறிய ஞானோபதேசம். குழந்தை ஞானஸ்நானத்தை எதிர்த்தோர் எழுப்பிய கேள்விகளுக்கு விடையாக, மார்ட்டின் பூசர் 1539இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே நாட்டில் ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினார். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் போதனைக்குப்பின் சபைமுன் விசுவாசத்தை அறிக்கையிடுவர். சபை அவர்களுக்காக ஜெபித்துக் கைகளை வைக்கும். நமது முறையின் மூலத்தை இதில் காணலாம்.

பின்னர், 1736இல் டென்மார்க் அரசு திடப்படுத்தலைக் கட்டாயமாக்கியது. அதைப் பெறாதவர் திருமணம் செய்யவும் இயலாது என்ற நிலை உண்டாயிற்று. நாட்டு மக்கள் அனைவரும் எழுத்தறிவு பெற இது உதவியது உண்மையே. ஆனால் விசுவாச அறிக்கையாக இருந்தது, வயதுவந்தோர் ஆவதற்கான சான்றிதழாகவும் மாறியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காட்டில் பணியாற்ற வந்த டேனிஷ் மிஷனரிகள் இப்பின்னணியிலிருந்தே வந்தனர். அவர்கள் பணியின் கனியே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அவர்கள் நமக்களித்த போதனைச் செல்வம் பெரிது. ஆயினும் சான்றிதழ் மனப்பான்மை நம்மையும் பற்றியிருக்கின்றதா என்று ஆராய்வது நம் கடமை.

3. திடப்படுத்துபவர் தேவனே

2 கொரிந்தியர் 1:21, 22இல் அப்போஸ்தலன், நம்மைக் கிறிஸ்துவுக்குள் உறுதிப்படுத்துகிறவரும் அபிஷேகம்பண்ணினவரும் தேவனே என்று விளக்குகின்றார். வாக்கியத்தின் எழுவாய் பிள்ளையுமன்று, ஆயருமன்று. இதை மறந்தால் திடப்படுத்தல் ஒரு பரீட்சையாகிவிடும். பரீட்சை என்றால் முடிந்தவுடன் புத்தகத்தை மூடிவிடலாம். நமது பிள்ளைகள் அதைத்தானே செய்கின்றனர்!

எனவே மூன்று உண்மைகளை வரிசை மாறாமல் கூறுதல் வேண்டும். முதலாவது, ஞானஸ்நானம் முழுமையானது. அதில் தேவன் அருளிய வாக்கு திடப்படுத்தலால் நிறைவு பெறவேண்டிய குறைபாடு உடையதன்று. இரண்டாவது, அவ்வாக்கைப் பேசாக் குழந்தையாய்ப் பெற்றவர், இப்போது அறிந்து, தம் சொந்த வாயினால் “ஆம்” என்கிறார். மூன்றாவது, அந்த “ஆம்” தனித்து நிற்பதன்று. தூய ஆவியானவரின் துணையை வேண்டிச் சபை கைகளை வைக்கின்றது. அவரைத் தாங்குவோம் என்ற பொறுப்பையும் ஏற்கின்றது. சபை தன் பொறுப்பை மறந்தபின், பிள்ளை தன் பொருத்தனையை மறந்தது என்று முறையிடுவதில் நியாயமில்லை.

இந்நோக்கில் நமது சூளை உவமை பிழையானது. மண் தன்னைச் சுடுவதற்கு இசைவு கூறுவதில்லை; பிள்ளையோ இசைவு கூறவேண்டியவர். மேலும், ஞானஸ்நானம் பெற்றவர் சுடப்படாத மண்ணும் அல்லர். அச்சிறுவனுக்கு நாம் அன்றே கூறியிருக்க வேண்டிய விடை இதுவே: “மகனே, நீ கரைந்துபோவதில்லை. உன்னைப் பிடித்திருப்பது உன் நினைவாற்றல் அன்று.” அடுத்த ஞாயிறு மாலை அவன் வேலை செய்த இடத்துக்குச் சென்று இதைக் கூறினோம். அவன் பொம்மையொன்றின் ஓரத்தைச் சீவிக்கொண்டே கேட்டான்.

4. இளையோரும் போதனையும்

அதன்பின் ஞாயிறு மாலைதோறும் அவனோடு அமர்ந்தோம். விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கு லுத்தர் எழுதிய விளக்கத்தை அவன் ஒருபோதும் பிழையின்றி ஒப்புவித்ததில்லை. ஆனால் ஒருநாள், “எனக்கு விசுவாசம் வருவதே அவருடைய வேலை, நான் இழுத்துக்கொண்டு வருவதில்லை, அப்படித்தானே ஐயா?” என்றான். விளக்கத்தின் சாரம் அதுவே.

மனப்பாடம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. இளமையில் நெஞ்சில் பதிந்த வசனமே முதுமையிலும் நோய்ப்படுக்கையிலும் துணைவருவதைக் கண்டிருக்கின்றோம். ஆனால் அச்சு நீரை உறிஞ்சியபின் கூழைக் கவிழ்த்துவிடுவதுபோல், தேர்வுநாளில் கொட்டிவிட்டுப் போகும் பாடத்தால் உள்ளீடற்ற உருவமே எஞ்சும். பன்னிரண்டு வயதில் நம் ஆண்டவர் தேவாலயத்தில் போதகர் நடுவில் அமர்ந்து, கேட்டும் வினவியும் இருந்தார் (லூக். 2:46). நமது வகுப்புகளிலோ வினவும் உரிமை ஆயருக்கு மட்டுமே உண்டு. சகமாணவர் பிற சமயத்தாராக உள்ள ஊரில், வேலைக்காகத் திருப்பூருக்கோ சென்னைக்கோ செல்லவிருக்கும் பிள்ளைக்கு, தன் நம்பிக்கையைச் சாந்தத்தோடு எடுத்துரைக்கும் ஆற்றல் (1 பேது. 3:15) கேள்வி கேட்காமல் வாய்க்குமா?

5. சில ஆலோசனைகள்

(அ) வகுப்பைச் சில வார அவசரப் பாடமாக்காமல், ஓராண்டுப் பயணமாக அமைத்தல் நலம். ஈரமண்ணை வெயிலில் விரைந்து உலர்த்தினால் வெடிக்கும் என்பதை அந்நகரத்தார் நன்கு அறிவர்.

(ஆ) வேலைக்குச் செல்லும் பிள்ளைகள், படிப்பில் பின்தங்கியோர், உடல் அல்லது மனவளர்ச்சிக் குறைபாடு உடையோர் ஆகியோரைத் தடுத்து நிறுத்தாமல், அவரவர்க்கேற்ற முறையில் அறிக்கையிட வழிசெய்தல் வேண்டும்.

(இ) ஞானப்பெற்றோரை மீண்டும் அழைத்து, அவர்கள் ஞானஸ்நானத்தன்று அளித்த வாக்கை நினைவூட்டல் வேண்டும்.

(ஈ) திடப்படுத்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் சபைப் பணியில் ஓரிடம் தரல் வேண்டும். பாடவும் வேதபாடம் வாசிக்கவும் நோயாளரைச் சந்திக்கவும் அவர்களால் இயலும். பொறுப்பில்லாத இடத்தில் எவரும் நெடுநாள் நில்லார்.

(உ) உடைக்கும் விருந்துக்கும் ஆகும் செலவுக்காகக் கடன்படும் வழக்கத்தை ஆயர்கள் கண்டித்தல் வேண்டும்.

முடிவுரை

அச்சிறுவன் மறு ஆண்டு திடப்படுத்தப்பட்டான். முந்திய ஆண்டில் பிழையின்றி ஒப்புவித்தோர் சிலரை நாம் பின்னர் திருவிருந்தில் காணவில்லை. அவர்களுடைய பெயர்கள் பதிவேட்டில் மட்டும் உள்ளன. அவர்களைத் தேடிச் செல்லாதது நமது குற்றமே. ஆயினும் ஞானஸ்நானத்தில் அவர்களைப் பேர்சொல்லி அழைத்தவர் தம் வாக்கை மாற்றவில்லை. ஆகவே, வரும் திடப்படுத்தல் ஞாயிறுக்கு ஆயத்தம்செய்யும் ஆயர்கள், புதிய பெயர்களை எழுதுமுன், பதிவேட்டின் பழைய பக்கங்களையும் புரட்டி, அவ்வீடுகளின் கதவைத் தட்டுவார்களாக.