மெட்டுக்கு அப்பால் ஒரு கை

குமாரபாளையத்துத் தறிக்கூடத்தில் பழைய பாட்டு ஒன்று ஒலித்தால், பாடியவர், எழுதியவர், மெட்டுப் போட்டவர் பெயரெல்லாம் கேட்பவர் வாயில் தானாக வந்துவிடும். வயலின் எங்கே புக வேண்டும், குழல் எங்கே ஓய வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தவரின் பெயர் மட்டும் வராது. அந்த வேலையில் கைதேர்ந்த ஆர். கோவர்த்தனம், நமக்கு அடுத்த சேலத்தில்தான் 2017-இல் காலமானார். ‘உதவி’ என்ற ஒரு சொல்லுக்குள் அவரைப் போன்றவர்களை அடக்கிவிட்டது தமிழ்த் திரையிசை வரலாற்றின் பெருங்குறை என்றே நான் கருதுகிறேன்.

1928-இல் பிறந்த கோவர்த்தனம், ‘பராசக்தி’க்கு இசையமைத்த ஆர். சுதர்சனத்தின் தம்பி. எம்.எஸ். விஸ்வநாதனுக்கும், பின்னாளில் இளையராஜாவுக்கும் துணையாக இருந்தவர். பாடிக் காட்டும் மெட்டைக் கேட்ட வேகத்திலேயே ஸ்வரமாக எழுதிவிடுவார் என்று பெயரெடுத்தவர். இந்த வேகத்தின் அருமை அன்றைய ஒலிப்பதிவு முறை தெரிந்தால்தான் விளங்கும். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் சேர்ந்து வாசிக்க, பாட்டு முழுவதும் ஒரே டேக்கில் பதிவாக வேண்டும். ஒருவர் பிசகினாலும் அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் பிடித்த மெட்டு, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய நொட்டேஷனாகப் பிரிந்து, அவரவர் முன்னால் தாளாக இருந்தால்தான் கால்ஷீட்டுக்குள் வேலை முடியும். அந்தப் பிரிப்பில் செவி வேண்டும், ராக ஞானம் வேண்டும், எந்தக் கருவி எந்தச் சுருதியில் இனிக்கும் என்ற தீர்ப்பும் வேண்டும்.

மெட்டுத்தானே உயிர், மற்றதெல்லாம் அலங்காரம் என்பார்கள். மெட்டே முதல் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. விஸ்வநாதன் இடையிசையையும் தாமே பாடிக் காட்டக்கூடியவர். அவர் மேதைமையில் ஒரு துளியைக்கூடப் பிறருக்குப் பங்கு போட வேண்டியதில்லை. ஆனால் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வருகிற இசை எல்லாப் பாட்டிலும் ஒருவர் சிந்தனையாகவே இருந்தது என்று சொல்ல முடியுமா? அவரிடமே ஜோசப் கிருஷ்ணா, ஹென்றி டேனியல் போன்றவர்கள் இருந்தார்கள். கே.வி. மகாதேவனுக்குப் புகழேந்தி இருந்தார். இந்தியில் சங்கர்–ஜெய்கிஷனுக்கு வாத்திய இசையைக் கோத்துக் கொடுத்த கோவாக்காரர் செபாஸ்டியன் டிசோசாவை இன்று ஆய்வாளர்கள் தேடிப்பிடித்து எழுதுகிறார்கள். முழு வாத்திய இசையையும் இளையராஜா தம் கையாலேயே எழுதியதை நாம் வியக்கிறோமே, அந்த வியப்பே இது அலங்கார வேலை இல்லை என்பதற்குச் சாட்சி.

தனியாக மெட்டுப் போடத் தெரியாதவர்தான் உதவியாளராகத் தங்கிவிட்டார் என்ற எண்ணமும் உண்டு. கோவர்த்தனம் விஷயத்தில் அது நிற்காது. ‘பட்டணத்தில் பூதம்’ (1967) அவர் இசையமைத்த படம். கண்ணதாசன் காமராசரை உள்ளே வைத்து எழுதியதாகப் பேசப்படும் பாட்டு அதில்தான் இருக்கிறது. 1976-இல் ‘வரப்பிரசாதம்’ படத்தில், கங்கைக் கரையில் ராமன் நடப்பதைப் பற்றி யேசுதாசும் வாணி ஜெயராமும் பாடியதைக் கேட்டவர்கள், மெட்டிலும் அவருக்கு எவ்வளவு நயம் இருந்தது என்பதை அறிவார்கள். வாய்ப்புகள் குறைவாக வந்தன. திறமை குறைவாக இல்லை.

கூலி கொடுத்தாயிற்றே, அதற்குமேல் என்ன உரிமை என்பது கடைசி வாதம். சட்டமும் ஏறக்குறைய அந்தப் பக்கமே நிற்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வாத்திய அமைப்பை மூல இசையின் தழுவலாகவே பார்க்கிறது. 2012-இல் வந்த திருத்தம் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கைத் தந்தது. வாத்தியங்களுக்கு எழுதியவரைத் தனியே நினைக்கவில்லை. பங்கைப் பற்றி நீதிமன்றங்கள் பேசட்டும். பெயரைச் சொல்லப் பணம் ஆகாது. படத்தின் டைட்டிலில் ‘உதவி’ என்று ஓடி மறைந்த பெயர்களை, பழைய பாட்டுகளை மறுவெளியீடு செய்யும் இசை நிறுவனங்களும் அவற்றை ஒலிபரப்பும் வானொலிகளும் பாட்டோடு சேர்த்துச் சொல்லலாம். அந்த ஒலிப்பதிவுகளில் வாசித்த முதியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பாட்டுக்கு யார் எழுதினார்கள் என்பதை அவர்களிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.