எண்ணிப் பார்க்கும் பிள்ளைகள்

ஹைஸ்கூல் பரிசோதனைச் சாலையில் நடக்கும் ஒரு சிறு மோசடியைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. ஊசலை ஆட்டி, பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். புஸ்தகத்தில் 9.8 என்றிருக்கிறது. பையனுக்கோ 9.1 வருகிறது. அவன் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, அளவுகளைச் சற்றே திருத்தி, ரிக்கார்டு நோட்டில் 9.8 என்று எழுதிவிடுகிறான். உபாத்தியாயரும் சிவப்பு மையால் கையெழுத்திட்டு விடுகிறார். இருவரும் யோக்கியர்களே, விடை முன்னமே தெரிந்திருப்பதனால் வந்த வினை இது.

ஆராய்ச்சிச் சாலையோ விடை தெரியாத இடம். பிரஸிடென்ஸி கல்லூரியில் மாணாக்கராயிருந்த ஸர் சி. வி. ராமன், ஸ்பெக்ட்ரோமீட்டரைக் கொண்டு பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். வெகு சாதாரணமான வகுப்புப் பாடம். ஒளி மிகச் சாய்வாக விழுந்தபோது தென்பட்ட பட்டைகள் இரு புறமும் ஒரே மாதிரி இல்லை என்பதை அவர் கண் கவனித்தது. மற்றொரு பிள்ளையாயிருந்தால் கோணத்தை மட்டும் குறித்துக்கொண்டு எழுந்து போயிருப்பான். ராமன் அந்த ஒழுங்கின்மையையே பிடித்துக்கொண்டார். 1906 நவம்பரில் அது கட்டுரையாகி லண்டன் 'பிலாஸபிகல் மாகஸி'னில் வெளியாயிற்று.

இதை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் கம்பம் பள்ளத்தாக்குதான். தேனி ஜில்லாவில், போடிக்கு மேற்கேயுள்ள மலையைக் குடைந்து, பொட்டிப்புரத்தருகே நியூட்ரினோ ஆராய்ச்சிக் கூடம் அமைக்க மத்திய சர்க்கார் 2015-ல் அனுமதி அளித்தது. ஐம்பதினாயிரம் டன் இரும்பில் ஒரு பிரும்மாண்டமான காந்தம் அங்கே வருவதாக இருந்தது. குடியானவர்கள் தண்ணீருக்காகவும், வனத்துக்காகவும், வெடி வைத்தால் அணைகளுக்கு என்ன ஆகுமோ என்றும் அஞ்சினார்கள். புலிகள் நடமாடும் வழியைக் காரணம் காட்டி, இத்திட்டத்தை அனுமதிப்பதற்கில்லை என்று 2022-ல் தமிழக அரசு சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது. மலை மலையாகவே இருக்கிறது.

அந்த வழக்கைத் திரும்ப விசாரிப்பது நம் நோக்கமன்று. விஞ்ஞானிகள் கிராமங்களுக்கு வந்து விளக்கம் சொன்னது வாஸ்தவம். ஆனால் விளக்கம் வேறு, கருவி வேறு. பள்ளிப் பிள்ளை தன் கையாலேயே எண்ணிப் பார்த்த விஷயத்தைப் பற்றி அவன் வீட்டுத் திண்ணையில் நடக்கும் பேச்சு வேறு விதமாயிருக்கும். எதிர்த்தாலும் தெரிந்து எதிர்ப்பார்கள் அல்லவா?

எதை எண்ணுவது என்று நேயர்கள் கேட்கலாம். ஆகாயத்திலிருந்து மியூவான் என்னும் நுண்துகள்கள் ஓயாமல் பொழிந்துகொண்டிருக்கின்றன. நாம் விரித்த உள்ளங்கை வழியாகச் சுமார் விநாடிக்கு ஒன்று வீதம் ஊடுருவிப் போகிறது. நமக்கோ ஒன்றும் தெரிவதில்லை. துகள் பட்டால் மின்னும் ஒரு வகைப் பிளாஸ்டிக் பலகை, பத்து சென்டிமீட்டர் நீளம், அதே அகலம். அந்த மினுக்கத்தைப் பிடிக்க ஒரு கருவி. இவ்வளவே போதும். நிமிஷத்துக்கு நூறு வாக்கில் எண்ணலாம்.

இங்கேதான் நம் மாணாக்கன் தடுமாறுவான். முதல் நிமிஷம் 100, அடுத்தது 93, அதற்கடுத்து 108. கருவி பழுதா, தானே தவறினோமா என்று திகைப்பான். பழைய பழக்கம் கையை இழுக்கும்; எல்லாவற்றையும் 100 ஆக்கிவிடத் தோன்றும். அவ்விதம் செய்தால் கெட்டது காரியம்! தற்செயலாக வருபவற்றை எண்ணும்போது, எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்றத்தாழ்வு இருப்பதே இயற்கை. நூறுக்குப் பத்து. ஒவ்வொரு நிமிஷமும் பிசகாமல் 100 வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பத்தாயிரம் வரை பொறுமையாக எண்ணினால் ஏற்றத்தாழ்வு நூறுதான். அதாவது நூற்றுக்கு ஒன்று. பொறுமைக்கு இவ்வளவு கணக்கான கூலி வேறெங்கே கிடைக்கும்?

பிறகு பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிப் போடிமெட்டுக்குக் கொண்டு போகலாம். உயரே போகப் போக எண்ணிக்கை கூடும். 1912-ல் விக்டர் ஹெஸ் என்னும் ஆஸ்திரிய அறிஞர் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் பலூனில் ஏறிக் கண்டதன் சிறு பங்கு அது. அவருக்கு 1936-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பிள்ளைக்குப் பஸ் பிரயாணமே பரிசு. மலைக்கு அடியிலோ நேர் எதிர். ஒரு கிலோமீட்டர் பாறை இருந்தால் மியூவான்களில் ஏறக்குறைய பத்து லக்ஷத்தில் ஒன்றே தப்பி வரும். அந்த நிசப்தத்தை நாடித்தான் பொட்டிப்புரம் மலையைத் தேடினார்கள். 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் அடையாளத்தை நம் நாட்டு விஞ்ஞானிகளும் ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகளும் சேர்ந்து கண்டது இந்த வழியிலேதான். உலகத்திலேயே முதலாகக் கண்டவர்களில் அவர்களும் சேர்ந்தவர்கள். அந்தப் பெருமை நம் பாடபுஸ்தகங்களில் எத்தனை வரி பெற்றிருக்கிறது என்று பெற்றோர்கள் தேடிப் பார்க்கட்டும்.

பெரிய காந்தம் வராவிட்டாலும், அதன் மாதிரியாக 85 டன் எடையுள்ள சிறிய காந்தம் ஒன்றை விஞ்ஞானிகள் மதுரையில் நிறுவினார்கள். இரும்புத் தகடுகளுக்கு இடையே கண்ணாடிக் கருவிகளைச் செருகி, மியூவான்கள் வளைந்து செல்லும் தடத்தைப் பார்ப்பதற்கென்று அமைத்தது. போடி, கம்பம், உத்தமபாளையம் ஹைஸ்கூல் தலைமையாசிரியர்கள் அனுமதி கோரி ஒரு கடிதம் எழுதினால் என்ன? நின்றுபோயிருந்த மதுரை ரயில் அகலப் பாதையில் 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் போகட்டும். ஆனால் ரிக்கார்டு நோட்டைக் கொண்டு போக வேண்டாம். வெறும் காகிதமும் பென்ஸிலும் போதும்.