வலைக்கு ஈயம், மழலைக்கு நஞ்சு

மீன்பாடும் தேனாடு எனப் புகழ்பெற்ற மட்டக்களப்பின் வாவியிலே, வைகறைப் பொழுதில் வலைவீசுதல் கண்கொள்ளாக் காட்சியாகும். வீச்சுவலை வட்டமாய் விரிந்து நீர்மேல் வீழ்ந்து, மறுகணமே அடியிற் படிகின்றது. அதனை அவ்வாறு விரைந்து தாழச் செய்வன, விளிம்பெங்கும் கோத்த ஈயக் குண்டுகளே. வலைக்கு உறுதுணையான அவ்வீயம் மனையகத்துட் புகுந்தால் மழலைகளுக்கு நஞ்சாகும் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஈயம் என்னும் சொல் நம் வழக்கில் இரு உலோகங்களைக் குறிக்கும். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தே பூசப்படுவது வெள்ளீயம். வலைக்குக் கனந் தருவது காரீயம். பெயரொற்றுமை கண்டு இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் ஆகாது. ஈண்டு நாம் அஞ்சுவது காரீயத்தையே.

குண்டுகளைக் கடையில் வாங்குவோர் பலராயினும், பழைய ஈயத்தை உருக்கித் தாமே வார்த்துக்கொள்வோரும் உளர். காரீயம் ஏறக்குறைய 327 பாகை செல்சியசில் உருகிவிடும். விறகடுப்பின் தணலே அதற்குப் போதும். இவ்வெளிமையே இடராகின்றது. சூடு மிகுந்தால் நச்சாவி எழும். உருகியதன்மேற் படரும் கசடு தூளாகி முற்றத்து மண்ணிற் கலக்கும். அம்மண்ணிலே தவழும் குழந்தை கைவிரலை வாயில் வைக்கின்றது; அகப்பட்ட குண்டையும் கடித்துப் பார்க்கின்றது. தென்னாபிரிக்க மீனவச் சிற்றூர்களில், பள்ளிச் சிறுவர் பலரது குருதியில் ஈயம் மிகுந்திருத்தலை 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. அங்கும் வீடுகளில் ஈயம் உருக்கிக் குண்டு வார்க்கும் வழக்கம் உண்டு.

உட்சென்ற ஈயத்தை, வளர்ந்தோர் உடலினும் நான்கைந்து மடங்கு மிகுதியாகச் சிறுவர் உடல் ஏற்றுக்கொள்ளும். அது எலும்பிற் சேர்ந்து பல்லாண்டு தங்கும். வளரும் மூளையைத் தாக்கிக் கவனத்தையும் கற்குந் திறனையும் குறைக்கும். தீங்கற்றது எனக் கூறத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார தாபனத்தின் முடிபு.

ஆசிரியராகிய நாம் இங்கே சற்று நின்று எண்ணுதல் வேண்டும். பாடத்தில் மனஞ்செல்லாத பிள்ளையைச் சோம்பேறி என்றும் மந்தன் என்றும் நானும் கடிந்ததுண்டு. அத்தகைய பிள்ளைகளெல்லாம் ஈயத்தால் நலிந்தோர் என்று கூறேன். முகத்தைக் கண்டு அதனை அறிதல் இயலாது. குருதிச் சோதனையே அதனைக் காட்டும். ஆயினும், பழி சுமத்துமுன் காரணந் தேடுதல் ஆசிரியர் கடனன்றோ? இழந்த திறனை மருந்தால் மீட்டல் அரிது. ஆதலின் வருமுன் காத்தலே அறிவுடைமை.

காக்கும் வழிகள் எளியன. ஈயத்தை வீட்டிலும் முற்றத்திலும் உருக்கலாகாது. உருக்கிய கலத்தில் ஒருபோதும் சமைத்தலாகாது. குண்டு கோத்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொடவேண்டும். உடை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்கவேண்டும். வலையையும் குண்டுகளையும் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் நன்று. தூசியை வறிதே பெருக்காது ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். இரும்புச்சத்தும் சுண்ணச்சத்தும் குறைந்த உடலில் ஈயம் எளிதிற் சேரும். ஆகவே கீரையும், முள்ளோடு உண்ணத்தகும் சிறுமீனும், நம் ஊர் எருமைத் தயிரும் பிள்ளைகளின் உணவில் இடம்பெறுக. ஆயினும், வீட்டினின்று ஈயத்தை விலக்குதலுக்கு இவை ஈடாகா.

நம் நாட்டில் ஈயங் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டில் விலக்கப்பட்டது. பெயின்றிற் கலக்கும் ஈயத்துக்கு 2013ஆம் ஆண்டு முதல் சட்டம் எல்லை வகுத்தது. தெருவையும் கடையையும் சட்டம் காக்கலாம். வாவிக்கரை வீட்டின் முற்றத்தைக் காக்க வேண்டியவர் நாமே. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இச்செய்தியை ஆசிரியர் ஒவ்வொருவரும் எடுத்துரைப்பாராக.