கெண்டைக்காலுக்கு ஏற்ற கம்பூட்ஸ்: தேர்ந்தெடுப்பது எப்படி?

இரவில் நீர் பாய்ச்சப் போகும் உழவர், ஒரு கையில் டார்ச் விளக்கும் மறு கையில் மண்வெட்டியும் எடுத்துக்கொள்கிறார். காலை மட்டும் மறந்துவிடுகிறார். பாம்பு பெரும்பாலும் தீண்டுவதோ அந்தக் காலைத்தான். 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது. இவர்களில் பெரும்பாலோர் கிராமப்புற மக்கள். சேற்றில் வெறுங்காலுடன் நிற்பவர்களை எலிக்காய்ச்சலும் எளிதில் தாக்குகிறது. எலியின் சிறுநீர் கலந்த நீரில் உள்ள கிருமி, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே உடலுக்குள் புகுந்துவிடும்.

வடசென்னையின் பாடம்

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளின் துறைமுகங்களிலும் தொழிற்சாலைகளிலும் கம்பூட்ஸ் புதிதல்ல. ஆயினும் 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோதும், 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தை மூடியபோதும், அதை அள்ளியவர்களில் பலர் போதிய பாதுகாப்பு இன்றியே இறங்கினர். அவசரம் வந்தபின் தேடினால் ஏற்ற பூட்ஸ் கிடைப்பதில்லை. மீஞ்சூர்ப் பக்கத்து நெல் விவசாயிக்கும் இது பொருந்தும்.

கால் ஏன் நுழைவதில்லை?

“பாதம் சரியாக இருக்கிறது, கெண்டைக்காலில் மாட்டிக்கொள்கிறது” என்று சொல்லிப் பலர் பூட்ஸைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். குறை காலில் இல்லை. 6, 7, 8 என்ற எண்கள் பாதத்தின் நீளத்தை மட்டுமே குறிக்கின்றன. கம்பூட்ஸ் அச்சில் வார்க்கப்படுவதால் மேல்குழாயின் சுற்றளவு அந்த எண்ணோடு சேர்ந்தே முடிவாகிவிடுகிறது. எண் சிறியதானால் குழாயும் குறுகும். ஆகவே சிறிய பாதமும் பருத்த கெண்டைக்காலும் உள்ள பெண்களுக்குத்தான் தொல்லை அதிகம்.

சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியர் பாதம் பொதுவாக மேனாட்டார் பாதத்தைவிட அகலமானது என்று தெரியவந்தது. அதன் அடிப்படையில் ‘பா’ என்ற புதிய அளவுமுறை பரிந்துரைக்கப்பட்டது. கெண்டைக்கால் அளவையோ நாமேதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அளக்கும் முறை

மாலை வேளையில் அளப்பது நலம். பகல் வேலைக்குப் பின் கால் சற்று வீங்கியிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதித்து, கெண்டைக்காலின் பருத்த இடத்தைத் தையல் நாடாவால் சுற்றி அளக்கவும். இரு கால்களையும் அளந்து பெரிய அளவை எடுத்துக்கொள்ளவும். தரையிலிருந்து அந்த இடம் எவ்வளவு உயரம் என்பதையும் குறிக்கவும். நாடாவைக் கடைக்கே கொண்டுபோய், பூட்ஸ் குழாயின் உட்சுற்றை அதே உயரத்தில் அளந்து பார்க்கவும். கால் அளவைவிட 2 முதல் 3 செ.மீ. கூடுதலாக இருத்தல் வேண்டும்.

குழாய் போதவில்லை என்பதற்காக இரண்டு எண் பெரிய பூட்ஸ் வாங்குதல் கூடாது. உள்ளே பாதம் வழுக்கிக் கொப்புளம் உண்டாகும். சேறு பூட்ஸைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். அதைவிட, கெண்டைக்காலின் பருத்த பகுதிக்குக் கீழே முடியும் குட்டையான பூட்ஸ் சிறந்தது. வாங்கிய பூட்ஸானால், கூரிய கத்தியால் மேல்விளிம்பை ஒரே சீராக 5 முதல் 8 செ.மீ. வரை வெட்டிக் குறைக்கலாம். சில பூட்ஸ்களில் இதற்கென வரைகோடுகளே உண்டு. பாதமும் கணுக்காலும் மூடியிருந்தாலே பெரும் பாதுகாப்பு. தையல் போட்டு ஒட்டுத்துணி சேர்த்தால் ஊசித் துளை வழியே நீர் புகும்.

எங்கே அணிவது?

ஆழமாகச் சேறு கலக்கிய நடவு வயலுக்குக் கம்பூட்ஸ் ஏற்றதன்று. வரப்பில் நடக்கவும், இரவு நீர் பாய்ச்சவும், கரும்பு வெட்டவும், தொழுவம் கழுவவும் மிகவும் உகந்தது. பூச்சிமருந்து தெளிக்கையில் கால்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விடவும். உள்ளே செருகினால் வழியும் மருந்து பூட்ஸுக்குள் தேங்கிவிடும். அணியுமுன் தலைகீழாகத் தட்டிப் பார்க்கத் தவறக்கூடாது, தேள் ஒளிந்திருக்கலாம். பயன்படுத்தியபின் கழுவி, நிழலில் கவிழ்த்து உலர்த்தவும்.

வீங்கிய காலுக்கு

கால் நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போனால் பூட்ஸ் தேடுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்கவும். யானைக்கால் நோயாகவோ வேறு நோயாகவோ இருக்கலாம். யானைக்கால் உள்ளவர்கள் இறுக்கமான பூட்ஸை நெடுநேரம் அணிந்தால் வியர்வையில் விரலிடுக்கு புண்ணாகி, காய்ச்சலும் வீக்கமும் மிகும். தினமும் சோப்பால் கழுவி, ஈரம் போக ஒற்றி, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்தல் பயன் தரும். தளர்வான, உறுத்தாத செருப்பே இவர்களுக்கு ஏற்றது. இரவில் வயலுக்குப் போகும் வேலையைக் குடும்பத்தில் வேறொருவர் ஏற்றுக்கொள்வது நல்லது.

பூட்ஸ் அணிந்தும் பாம்பு தீண்டிவிட்டால் கட்டுப் போடவோ, கீறவோ, உறிஞ்சவோ வேண்டாம். காலை அசைக்காமல் உடனே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லவும். ஆனாலும் வருமுன் காப்பதே மேல். இன்று மாலையே ஒரு தையல் நாடாவை எடுத்து, வீட்டில் வயலுக்குப் போகும் ஒவ்வொருவர் காலையும் அளந்து குறித்து வையுங்கள்.