கால்வாய்க்குள் நிற்பது யார்?

வேளச்சேரி பறக்கும் ரயிலில் திருமயிலையைத் தாண்டும்போது ஜன்னல் வழியே குனிந்து பார்த்தால் பக்கிங்ஹாம் கால்வாய் தெரியும். கரையோர வீடுகளைக் காட்டிப் பயணிகள் சொல்லும் சொல் 'ஆக்கிரமிப்பு'. அதே கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால், ரயிலைத் தாங்கும் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கியிருப்பது தெரியும். திருமயிலை நிலையமே கால்வாய் மேல்தான் நிற்கிறது. அதற்குப் பெயர் வளர்ச்சி.

அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் இந்தப் பகுதி, தாது வருடப் பஞ்சத்தில் பசித்தவர்களைக் கூலிக்கு வைத்து வெட்டியது. பெயர் மட்டும் ஆளுநருடையது!

2022 ஏப்ரல் இறுதியில் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவு என்றது அரசு. அது உண்மை. தலைமுறையாக இங்கேதான் வாழ்கிறோம் என்றார்கள் மக்கள். அதுவும் உண்மை. எதை முதலில் சொல்கிறோம் என்பதில் நாம் யார் பக்கம் என்பது தெரிந்துவிடுகிறது.

மே 6ஆம் தேதி பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கியது. பிள்ளைகள் இடிபாட்டுக்கு நடுவே படிக்க வேண்டியிருந்தது. பெரும்பாக்கத்தில் வீடு தருகிறோமே என்றார்கள். மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்யும் பெண் அங்கிருந்து காலையில் எப்படி வந்து சேர்வார்? கோப்பில் அது 'மறுகுடியமர்வு'. ஊருக்கு வெளியே சேரி வைத்த கதை தெரிந்த நமக்கு அதன் பெயர் வேறு.

ஒருவர் தீக்குளித்து இறந்த பிறகுதான், மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தரப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஏப்ரலில் கண்ணில் படாத இடம் மே மாதத்தில் தெரிந்தது.