ஆமைக்கு ஜலதோஷம்!

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்பது நம் ஊர்ப் பேச்சு. அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில் இது எடுபடாது. அங்கே ஆமையை வீட்டுத் தோட்டத்தில் செல்லமாக வளர்க்கிறார்கள்.

ஆனால், அந்த வீட்டு ஆமை பாலைவனத்துக்குள் புகுந்தால்? அதுதான் ஆபத்து!

கலிபோர்னியாவிலும் பக்கத்து மாகாணங்களிலும் பரந்து கிடப்பது மொகாவி பாலைவனம். அங்கே ஒரு வகைத் தரை ஆமை வாழ்கிறது. கடும் வெயிலுக்கும் குளிருக்கும் தப்ப, மண்ணில் வளை தோண்டி, வாழ்நாளில் பெரும் பகுதியை அதற்குள்ளேயே கழிக்கும்.

1980-களின் கடைசியில், இந்த ஆமைகள் பல நோயுற்றுக் கிடந்தன. மூக்கு ஒழுகியது. கண் இமை வீங்கியது. மூச்சு இரைத்தது.

நமக்கு வரும் ஜலதோஷம் போலத்தான். ஆனால் நம்முடையது ஒரு வாரத்தில் போய்விடும். ஆமையின் சளி ஆண்டுக் கணக்கில் நீடிக்கும். மூக்கு கெட்டால் மோப்பம் குறையும். தின்ன இலை தழை தேடுவதே கஷ்டம்.

காரணம், மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி. மருந்து கொடுத்தால் நோய் அடங்கும்; கிருமி அடியோடு ஒழியாது. பார்வைக்கு நன்றாக இருக்கும் ஆமையும் பக்கத்து ஆமைக்கு நோயைக் கொடுத்துவிடும்.

"பாவம், காட்டில் பிழைக்கட்டும்" என்று சிலர் கொண்டுபோய் விட்ட வளர்ப்பு ஆமைகள்தான் நோயைப் பரப்பின என்று ஆராய்ச்சியாளர் பலர் சந்தேகிக்கிறார்கள். இரக்கப்பட்டுச் செய்த காரியம்!

1990-ல் அமெரிக்க சர்க்கார் இந்த ஆமைக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. நோய் மட்டும் எதிரி அல்ல. சாலை, வறட்சி, குஞ்சைக் கொத்தும் அண்டங்காக்கை எல்லாம் உண்டு. கலிபோர்னியாவில் ஆமை வளர்க்க அனுமதிச் சீட்டு வேண்டும். வளர்த்த ஆமையைப் பாலைவனத்தில் விடுவது குற்றம்.

காட்டு ஆமைகளின் உடல்நிலையைச் சோதிக்கப் பயிற்சி பெற்றவர்கள் போகிறார்கள். ஒவ்வோர் ஆமைக்கும் புதுக் கையுறை! ஒன்றின் கிருமி மற்றதற்கு ஒட்டக் கூடாது அல்லவா? எடை போடுகிறார்கள். கண்ணையும் மூக்கையும் பார்க்கிறார்கள். கொஞ்சம் ரத்தம் எடுக்கிறார்கள். மூக்குச் சளியையும் சோதனைக்கு அனுப்புகிறார்கள்.

இதில் ஒரு சங்கடம். மழை பெய்யும்போது குடித்த நீரை, இந்த ஆமை மூத்திரப் பையில் மாதக் கணக்கில் சேமித்து வைக்கிறது. தூக்கினால் பயந்துபோய் அதைக் கொட்டிவிடக்கூடும். வறண்ட காலத்தில் அது உயிருக்கே உலை வைக்கும். வெயில் ஏறிவிட்டாலும் யாரும் ஆமையைத் தொடுவதில்லை.

மீறிக் கொட்டிவிட்டால், ஒரு தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஆமையை அதில் உட்கார வைக்கிறார்கள். அது நிதானமாகத் தண்ணீர் குடிக்கும். பிறகு எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.